இல்லமும் தொழிலகமும் காத்தல்: ஓசூர், கிருஷ்ணகிரிக் களவுகள் கற்பிப்பவை



2021 ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 22 ஆம் நாள், வெள்ளிக்கிழமை. ஓசூர் பாகலூர் சாலையில் உள்ள முத்தூட் நிதி நிறுவனத்தின் கிளை அன்று காலை வழக்கம்போல் திறக்கப்பட்டது. சற்று நேரத்திற்குள் தலைக்கவசமும் முகக்கவசமும் அணிந்த கும்பல் ஒன்று துப்பாக்கிகளுடன் உள்ளே புகுந்தது. கொரோனா பரவியிருந்த நாள்கள் அவை; முகத்தை மூடியிருப்பது எவருக்கும் ஐயம் தராத காலம். பணியாளர்களை அச்சுறுத்தி, பெட்டகத்தைத் திறக்கச் செய்து, ஏறத்தாழ 25 கிலோ தங்க நகைகளையும் 96,000 ரூபாய் ரொக்கத்தையும் பைகளில் நிரப்பிக்கொண்டு அக்கும்பல் வெளியேறியது. செய்தி பரவியதும் நகை அடகு வைத்த மக்கள் கிளையின் முன் திரண்டனர். அந்நகைகளுள் தாலிக்கொடியும் இருந்திருக்கும், மகளின் திருமணத்திற்கெனச் சேர்த்த வளையலும் இருந்திருக்கும். நிறுவனத்திற்கு அது காப்பீடு செய்த சரக்கு. அடகு வைத்தவருக்கு அவ்வாறு அன்று.

ஆனால் மறுநாளே அக்கும்பல் தெலங்கானாவில், ஐதராபாத் நகரை அடுத்த பகுதியில் பிடிபட்டது. நகைகள் மீட்கப்பட்டன. கள்வர் அறியாதது ஒன்றுதான்: நகைகளோடு சேர்த்து இருப்பிடம் காட்டும் ஜி.பி.எஸ். கருவியும் வைக்கப்பட்டிருந்தது. மாநில எல்லைகளைக் கடந்து வண்டி ஓடிக்கொண்டிருக்க, அது செல்லும் திசையை அக்கருவி ஓயாமல் அறிவித்தது. கிருஷ்ணகிரிக் காவல்துறை அண்டை மாநிலக் காவல்துறையினரோடு தொடர்புகொண்டு வழியிலேயே அவர்களை மடக்கச் செய்தது.

இதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன், 2015 ஜனவரியில், கிருஷ்ணகிரியை அடுத்த குந்தாரப்பள்ளியில் பாங்க் ஆப் பரோடா கிளையில் நிகழ்ந்த களவை மாவட்டத்தின் மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். துப்பாக்கி இல்லை, மிரட்டல் இல்லை. இரவில் பின்புறச் சன்னல் வழியே நுழைந்து, காஸ் கட்டர் கொண்டு பெட்டகத்தை அறுத்து, ஏறத்தாழ 48 கிலோ நகைகளை எடுத்துச் சென்றனர். உழவர்களும் சிறு வணிகர்களும் அடகு வைத்த நகைகள் அவை. உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த கும்பல் என்பது பின்னர்த் தெரியவந்தது. எடை ஓசூரில் பறிபோனதைப் போல் இரு மடங்கு. ஆனால் ஓசூரில் போல் மறுநாளே மீட்கும் வாய்ப்பு அங்கு இல்லை. ஏனெனில், பொருள் பறிபோன செய்தியே கள்வர் நெடுந்தொலைவு சென்றபின்தான் வெளிப்பட்டது.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது ஓர் உண்மை புலனாகும். பூட்டு களவைத் தடுப்பதில்லை. காலத்தை மட்டுமே வாங்கித் தருகிறது. அந்தக் காலத்திற்குள் எவரேனும் அறிந்துகொள்ள வழி இருந்தால்தான் பூட்டிற்குப் பொருள் உண்டு. குந்தாரப்பள்ளியில் பெட்டகம் வலிமையானதுதான். ஆயினும் இரவு முழுதும் கேட்பாரற்றுக் கிடந்த இடத்தில், அறுப்பதற்கு இரண்டு மணி நேரமாயினும் ஐந்து மணி நேரமாயினும் கள்வருக்கு ஒன்றே. ஓசூரில் தடுப்பு தோற்றது, அறிவிப்பு வென்றது. இல்லமாயினும் தொழிலகமாயினும் பாதுகாப்பை இந்த நோக்கில்தான் எண்ணிப்பார்க்க வேண்டும்.

எல்லைப் பகுதியின் இயல்பும் இதனை வற்புறுத்துகிறது. ஓசூர் நகரிலிருந்து ஜூஜூவாடியைக் கடந்தால் அத்திப்பள்ளி. அங்கே கர்நாடகம் தொடங்கிவிடுகிறது. கிருஷ்ணகிரியிலோ சென்னை, பெங்களூரு, சேலம், திருவண்ணாமலைச் சாலைகள் சந்திக்கின்றன. ஆந்திர எல்லையும் தொலைவில் இல்லை. சிப்காட் தொழிற்பேட்டைகளுக்கு வாழ்வளித்த இதே சாலைகள்தாம் கள்வருக்கும் வழிவிடுகின்றன. வேறு ஊரில் ஒரு மணி நேரம் தாழ்த்திப் புகார் கொடுப்பது பிழை என்றால், இங்கே அது பெரும்பிழை. அந்த ஒரு மணி நேரத்தில் பொருள் வேறு மாநிலத்தில் இருக்கும்.

எல்லை தாண்டிய நிகழ்வுகளில் முன்பெல்லாம் பெரும் இடர்ப்பாடு ஒன்று இருந்தது. "இது எங்கள் எல்லைக்குள் வராது, அந்த நிலையத்திற்குச் செல்லுங்கள்" என்னும் மறுமொழி பலருக்கும் பழகிப்போன ஒன்று. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173 ஆம் பிரிவு, குற்றம் எங்கு நிகழ்ந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் அளிக்கலாம் என்று கூறுகிறது. மின்னணு வழியாகவும் அளிக்கலாம். மூன்று நாள்களுக்குள் நேரில் சென்று கையொப்பமிட வேண்டும். பொம்மசந்திராவிலோ எலெக்ட்ரானிக் சிட்டியிலோ பணிபுரிந்து ஓசூரில் குடியிருப்போர், வழியில் பொருளை இழந்தால் எந்த மாநில நிலையத்தை நாடுவது எனத் தடுமாற வேண்டியதில்லை.

இனி இல்லத்தைப் பார்ப்போம். ஆளில்லாத வீடு தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும். வாசலில் கோலம் இல்லை. நாளிதழ் மூன்று நாளாய்க் கிடக்கிறது. பகலிலும் வாசல் விளக்கு எரிகிறது. கதவின் வெளித் தாழ்ப்பாளில் பெரிய பூட்டொன்று தொங்குகிறது. தொங்கும் பூட்டு பலருக்கு மனநிறைவு தருவது. உண்மையில் அது "உள்ளே எவரும் இல்லை" என்னும் அறிவிப்புப் பலகை. கதவிற்குள்ளேயே பதிக்கப்படும் பூட்டு வெளியில் தெரிவதில்லை. முன்கதவைத் தேக்கில் இழைத்துப் பல்லாயிரம் செலவிடுவோர், கொல்லைப்புறக் கதவிற்கு மெல்லிய பலகையும், மொட்டைமாடிக் கதவிற்கு ஒரு தாழ்ப்பாளும் போதும் என்று விட்டுவிடுவது வியப்பே. ஏ.சி. எந்திரத்தின் வெளிப்பகுதிக்கு அமைக்கும் இரும்புக் கூண்டு, மாடிச் சன்னலுக்கு ஏணியாக அமைந்துவிடுவதையும் கவனித்தல் நன்று.

மேல்சித்தாமூர்த் திருவிழாவிற்கும் பொன்னூர் மலைக்கும் சிரவணபெளகொளாவிற்கும் குடும்பத்தோடு செல்லும் வழக்கம் ஓசூர்வாழ் தமிழ்ச் சமணக் குடும்பங்களுக்கு உண்டு. புறப்படும்போதே படம் எடுத்து வாட்ஸ்அப் நிலைத்தகவலில் பதிவிடுவதும் இப்போது வழக்கமாகிவிட்டது. தரிசனப் படங்களைத் திரும்பி வந்தபின் பகிர்ந்தால் புண்ணியம் குறைந்துவிடப் போவதில்லை. வெளியூர் செல்லும் செய்தியைச் சொல்ல வேண்டிய இடம் வேறு: பக்கத்து வீடும் காவல் நிலையமும். எழுத்து வடிவில் முகவரியையும் திரும்பும் நாளையும் நிலையத்தில் தெரிவித்தால், இரவு ரோந்துக் காவலர் அத்தெருவில் கண் வைக்க வாய்ப்புண்டு. அண்டை வீட்டு அம்மையாரிடம் சொல்லி, வாசலில் நாள்தோறும் ஒரு புள்ளிக்கோலம் இடச் செய்வது எந்த மின்கருவிக்கும் குறைந்ததன்று.

சாவி பற்றிச் சிறிது விரிவாகச் சொல்ல வேண்டியுள்ளது. செருப்பு வைக்கும் அலமாரியிலும், பூந்தொட்டிக்கு அடியிலும், மீட்டர் பெட்டியின் மேலும் சாவி வைக்கும் பழக்கம் ஏறக்குறைய எல்லாத் தெருவிலும் உண்டு. அது கள்வருக்கும் தெரியும். பீரோவின் சாவி பீரோவின் மேலேயே இருக்கும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். இதனால் நேரும் கேடு களவோடு முடிவதில்லை. களவுக் காப்பீட்டுப் பத்திரங்கள் பலவற்றில், வலிந்து உடைத்து நுழைந்திருந்தால்தான் இழப்பீடு என்னும் நிபந்தனை இருக்கிறது. 2004 ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் கிடங்குக் களவு வழக்கொன்றில் இதனை ஐயமின்றி உறுதிசெய்தது: பத்திரத்தில் அவ்வாறு எழுதியிருக்குமானால், வன்முறையாய் நுழைந்தமை மெய்ப்பிக்கப்படாதபோது வணிகர் இழப்பீடு கோர இயலாது. அஃதாவது, பூந்தொட்டியின் அடியிலிருந்த சாவியால் கதவைத் திறந்து கள்வன் பொருளை எடுத்துச் சென்றால், ஆண்டுதோறும் தவறாமல் கட்டிய காப்பீட்டுத் தொகையும் பயனற்றுப் போகலாம். பத்திரத்தின் அந்த வரியை இன்றே எடுத்துப் படித்துப் பார்த்தல் நலம். வாடகை வீட்டிற்குக் குடிபுகுவோர் முதல் நாளே பூட்டை மாற்றிவிடுதலும் இதனைச் சார்ந்ததே. முன்னர்க் குடியிருந்தோரிடம் எத்தனை சாவிகள் உள்ளன என்பதை வீட்டு உரிமையாளரே அறியார்.

வீட்டில் நகை வைத்தல் அச்சம் என்று வங்கிப் பெட்டகத்தை நாடுவோர் பலர். நாடுதல் நன்றே. எனினும் அங்கு வைத்ததெல்லாம் முழுமையாகக் காப்புப் பெற்றது என்று கருதுவது சரியன்று. ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் வெளியிட்டு 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நெறிமுறைகளின்படி, தீ, களவு, கொள்ளை, கட்டட இடிபாடு, பணியாளரின் மோசடி ஆகியவற்றால் இழப்பு நேர்ந்தால் வங்கியின் பொறுப்பு பெட்டகத்தின் ஆண்டு வாடகையைப் போல் நூறு மடங்கு வரை. ஆண்டு வாடகை 3,000 ரூபாய் என்றால் 3 இலட்சம். இன்றைய விலையில் அது சில சவரன்களுக்கே ஈடாகும். உள்ளே என்ன இருக்கிறது என்பதை வங்கி அறியாது. அதற்குக் காப்பீடு செய்வதும் இல்லை. மதிப்பு மிகுதியாயின் நகைக்குத் தனிக் காப்பீடு செய்துகொள்வது உரியவரின் பொறுப்பு.

அடுத்தது, பலரும் பொருட்படுத்தாத ஒன்று. இவ்வுரையில் எதை மறந்தாலும் இதை மறவாதிருத்தல் வேண்டும். பறிபோன பொருள் தம்முடையதே என்று மெய்ப்பிக்க இல்லத்தாரிடம் என்ன இருக்கிறது? காவல் நிலையத்தில் "காசுமாலை ஒன்று, கல் பதித்த தோடு ஒரு சோடி" என்று சொன்னால், கைப்பற்றப்பட்ட குவியலிலிருந்து எந்தத் தோட்டைப் பிரித்தெடுப்பது? 2021 முதல் ஹால்மார்க் நகைகளில் ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த தனி அடையாளக் குறி பொறிக்கப்படுகிறது. 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகை விற்பனையில் அது கட்டாயம். பி.ஐ.எஸ். கேர் செயலியில் அக்குறியை இட்டால் நகையின் தூய்மை, பதிவு செய்த கடை ஆகிய விவரங்கள் கிடைக்கும். அதனை ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்தல் எளிது. பாட்டி காலத்து நகைகளில் அது இருக்காது. அவற்றை வெள்ளைத் துணியில் பரப்பி, முன்னும் பின்னும் படமெடுத்து, எடையையும் பழுதுபார்த்த அடையாளங்களையும் எழுதி, அப்படத்தை வேறு ஊரில் உள்ள மகனிடமோ மகளிடமோ கொடுத்துவைக்க வேண்டும். கைபேசியில் மட்டும் இருந்தால், கள்வன் கைபேசியையும் எடுத்துச் சென்றுவிடுவான்.

ஒரு நிழற்படம் என்ன செய்துவிடும் என்று எண்ணுவோருக்கு அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானின் நடராசர் சான்று. அக்கோயிலிலிருந்து களவுபோன செப்புத் திருமேனியை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008 இல் 50 இலட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் பல்லாண்டுகளுக்கு முன் கோயில்தோறும் சென்று எடுத்துவைத்த படங்களுள் அந்நடராசரும் இருந்தார். அப்படமே சான்றாய் நின்றது. 2014 செப்டம்பரில் திருமேனி இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. ஊரில் மக்கள் குறைந்து, பூசைக்கு ஒருவரும் சாவிக்கு ஒருவருமாய் நிற்கும் சிற்றூர் ஜினாலயங்களில் எத்தனை திருமேனிகளுக்கு உயரமும் எடையும் பீடத்து எழுத்தும் குறித்த பதிவு இருக்கிறது? ஓசூரிலும் பெங்களூரிலும் பணிபுரியும் இளைஞர்கள் திருவிழாவிற்கு ஊர் செல்லும்போது ஒரு பிற்பகலைச் செலவிட்டால் போதுமான பணி இது.

படமும் பட்டியலும் பொருள் மீண்டபின்னும் உதவும். மீட்கப்பட்ட நகை வழக்குச் சொத்தாகிவிடும். வழக்கு முடியும்வரை அது நீதிமன்றக் கருவூலத்தில் கிடக்க வேண்டியதில்லை என்று 2002 ஆம் ஆண்டு சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் நெறிப்படுத்தியது. விரிவான பட்டியலும் படமும் உறுதிமுறியும் பெற்றுக்கொண்டு உரியவரிடம் இடைக்காலத்தில் ஒப்படைக்கலாம். உரியவர் என்று காட்டச் சான்று வேண்டும் அல்லவா?

தொழிலகத்திற்கு வருவோம். சிப்காட்டின் பெருந்தொழிற்சாலைகளுக்கு வாயிற்காவலும் மதிலும் உண்டு. அவற்றிற்கு உதிரிப் பாகம் செய்துதரும் சிறு பட்டறைகளின் நிலை வேறு. செம்புக் கம்பியும், பித்தளைச் சீவலும், விலையுயர்ந்த வெட்டுமுனைகளும் ஒரு கைப்பையில் அடங்குபவை. எடைக்குப் போட்டால் எவரும் கேள்வி கேட்பதில்லை. இங்கே களவு பெரும்பாலும் ஓர் இரவில் நிகழ்வதன்று. நாள்தோறும் சிறிது சிறிதாய் வெளியேறுவது. கிழமைக்கு ஒருமுறை இருப்பை எடைபோட்டுப் பதியாத பட்டறைக்குக் கேமரா வைத்தும் பயன் இல்லை. களவு நடந்ததே தெரியாதபோது எந்த நாளின் பதிவைத் தேடுவது?

கடைகளின் முகப்பில் இரும்புக் கதவுக்கு இரண்டு பூட்டும் காவலர் ஒருவரும் இருக்க, பின்சுவரைப் பற்றி எவரும் எண்ணுவதில்லை. 2019 அக்டோபரில் திருச்சி லலிதா ஜுவல்லரியில் கள்வர் வந்தது சுவரைத் துளைத்துத்தான். 2021 டிசம்பரில் வேலூர் ஜோஸ் ஆலுக்காஸ் கடையிலும் பின்சுவரில்தான் துளை. போனது ஏறத்தாழ 15 கிலோ. கேமராக்கள் இரு இடங்களிலும் இருந்தன. முகமூடி அணிந்த உருவங்களை அவை உண்மையாகவே பதிவுசெய்தன. பதிவு செய்வது வேறு, அந்நேரமே எழுப்பி அறிவிப்பது வேறு. சுவர் அதிர்ந்தாலோ கதவு திறந்தாலோ உரிமையாளரின் கைபேசிக்கு அழைப்பு வரும் எளிய கருவிகள் இன்று கிடைக்கின்றன. கேமராவிற்குச் செலவிடுவதில் ஒரு பங்கை அவற்றிற்கு ஒதுக்கலாம். கேமராவின் பதிவுப் பெட்டியைத் தொலைக்காட்சிக்கு அருகே கண்ணில் படும்படி வைப்பதும் பயனற்றது. கள்வர் போகும்போது அதனையும் தூக்கிச் செல்வர். அதில் காட்டும் நாளும் நேரமும் சரியாக உள்ளனவா என்பதையும் மாதம் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விடுவது முறையாகாது. களவு நடந்ததும் "வடக்கிலிருந்து வந்தவர்கள்" என்று தொழிற்பேட்டைகளில் பணிபுரியும் தொழிலாளர் மீது பழி சுமத்துவது பெருகிவருகிறது. ஓசூரிலும் குந்தாரப்பள்ளியிலும் வந்தவர்கள் வெளி மாநிலத்தார்தாம். ஆனால் திருச்சிக் களவை நடத்தியவன் திருவாரூர்க்காரன்; வேலூரில் பிடிபட்டவன் உள்ளூர் இளைஞன். பணியாளரின் அடையாளச் சான்றைப் பெற்று வைத்தல், குடியிருப்போர் விவரத்தைக் காவல் நிலையத்தில் பதிதல் ஆகியவை எல்லார்க்கும் பொதுவாய்ச் செய்யப்பட வேண்டியவை. மொழியைக் கொண்டு ஒருவரைக் கள்வர் என்று கருதுவது அறமும் அன்று, பாதுகாப்பும் அன்று. ஐயம் தவறான இடத்தில் நிற்கும்போது சரியான இடம் காவலின்றிக் கிடக்கிறது.

பொருளைக் காட்டிலும் அஞ்சத்தக்கது உயிருக்கு நேரும் கேடு. 2024 நவம்பரில் பல்லடம் அருகே சேமலைக்கவுண்டம்பாளையத்தில் முதிய தம்பதியரும் மகனும், 2025 இல் ஈரோடு மாவட்டம் சிவகிரி அருகே தோட்டத்து வீட்டில் தனித்திருந்த முதிய தம்பதியரும் நகைக்காகக் கொல்லப்பட்டனர். பிள்ளைகள் ஓசூரில் இருக்க, பெற்றோர் வந்தவாசி, ஆரணிப் பகுதி ஊர்களில் தனித்து வாழும் குடும்பங்கள் இச்சமுதாயத்தில் எண்ணற்றவை. அவர்கள் கழுத்திலும் வீட்டிலும் உள்ள தங்கத்தைக் குறைத்தல் முதற்காவல். இரவில் நாய் குரைத்தால் தனியே வெளியே வருதல் கூடாது. உள்ளிருந்தே வெளிவிளக்கைப் போடும் சுவிட்சு படுக்கையருகில் இருக்க வேண்டும். நாள்தோறும் குறித்த நேரத்தில் ஒரு தொலைபேசி அழைப்பு, எடுக்காவிட்டால் உடனே சென்று பார்க்க ஊரில் ஒருவர் என்னும் ஏற்பாட்டிற்குச் செலவே இல்லை.

சிவகிரி வழக்கில் கொலையாளிகளோடு, நகையை உருக்கித் தந்ததாக நகைக்கடைக்காரர் ஒருவரும் கைதானார். வாங்குவோர் இல்லையேல் களவுத் தொழிலே இல்லை. உமாசுவாமிகளின் தத்துவார்த்த சூத்திரம் கள்ளாமை விரதத்திற்குரிய ஐந்து அதிசாரங்களுள், களவுசெய்யத் தூண்டுதலை அடுத்தே, களவுப் பொருளைக் கொள்ளுதலை வைத்திருக்கிறது. இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 317 ஆம் பிரிவும் அதனைக் குற்றம் என்கிறது. இரசீது இல்லாமல் பாதி விலைக்கு வரும் மோட்டாரும், மடிக்கணினியும், பழைய செம்பும் எங்கிருந்து வந்தன என்று கேளாமல் வாங்கும் சாவகர், யாரோ ஒருவர் வீட்டுக் கதவு உடைபடக் கூலி கொடுத்தவர் ஆகிறார்.

எல்லாம் மீறிக் களவு நேர்ந்துவிட்டால், திறந்து கிடக்கும் வீட்டிற்குள் நுழையாதிருத்தல் முதலாவது. கள்வர் உள்ளேயே இருக்கலாம். 112 அல்லது 100 எண்ணை அழைத்து, கைரேகை வல்லுநர் வரும்வரை பீரோவையும் கதவையும் தொடாமல் காக்க வேண்டும். கவலையில் உறவினர் அனைவரும் உள்ளே வந்து சிதறிய துணிகளை மடித்துவைப்பது வழக்கம், அழிவது தடயம். வங்கி அட்டையும் காசோலையும் போயிருப்பின் வங்கிக்கும், காப்பீடு இருப்பின் நிறுவனத்திற்கும் அன்றே அறிவிக்க வேண்டும். தாழ்த்தினால் அதுவே மறுப்பிற்குக் காரணமாகும். முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கட்டணமின்றிப் பெறுவது புகார் அளித்தவரின் உரிமை. பொருள் கிடைக்காதபோது, கண்டுபிடிக்க இயலவில்லை என்று காவல்துறை அளிக்கும் சான்றையும் காப்பீட்டு நிறுவனம் கேட்கும்; அதற்கான விண்ணப்பத்தை ஆய்வாளரிடம் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டமைக்கான கையொப்பத்தை மறுபடியில் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.